நீலக் கதவு வீட்டுக்கு வந்த நாலு முதுகு

ஊ... என்று ஓர் ஓசை. தூரத்தில் யாரோ ஒரு பெரிய அண்டாவுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பெருமூச்சு விடுகிற மாதிரி. பதினொரு வருஷமாகத் தளவாயின் வலது காதில் அது குடியிருந்தது.

அதை அவர் முதலில் கேட்டது தங்கச்சி பூரணத்தின் கல்யாணத்தன்று மத்தியானம். மாப்பிள்ளையின் அப்பா நயினார், முத்துத்துறைப் பட்டணத்துக்காரர், நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டுப் பூஜையில் இருந்த வலம்புரிச் சங்கைச் சிவப்புப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெண் வீட்டில் ஒரு நாள் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெண்ணோடு எடுத்துப் போவது அவர்கள் வழக்கம். பந்தி நடந்துகொண்டிருந்தபோது தளவாய் அதை எடுத்துப் பார்த்தார். வாய் இருந்ததால் ஏதாவது சொல்லும் என்று காதில் வைத்தார்.

பெண் வீட்டு ஊரான பொட்டல்விளையில் அன்றுவரை கடலைப் பார்த்தவர் யாருமில்லை. தளவாய் சங்கை வெயிலுகந்தானிடம் கொண்டுபோனார். வெயிலுகந்தான் ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர். ஆகவே ஐந்தாம் வகுப்பு படித்த மற்றவர்களைவிட மூன்று மடங்கு விவரம் தெரிந்தவர்.

"உள்ள என்னவே கெடக்கு?"

வெயிலுகந்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கடலு."

"எவ்வளவு?"

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "சத்தத்தப் பாத்தா முழுசும்."

பந்தியில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள். கடல் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று இருவரும் யோசித்தார்கள். தளவாய் சங்கின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். தண்ணீர் இருக்க வேண்டிய இடம் கிணறு. அதற்குள் போட்டுவிட்டு வந்து, கை துடைத்துக்கொண்டு, நயினாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தார்.

நயினார் இலையை மடக்கினார். ரசத்தோடு எழுந்துவிட்டார். கிணற்றில் ஆள் இறக்கித் தேடினார்கள்; ஓர் ஆள் ஆழத்துக்குச் சேறு, சங்கு கிடைக்கவில்லை. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை ஜன்னலில் பூரணத்தின் முகம் தெரிந்தது.

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பொட்டல்விளையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சமைப்பவர்கள் மட்டும் அன்றிலிருந்து உலையில் உப்புப் போடுவதில்லை. உள்ளே கடல் இருக்கிறதல்லவா?

*

பதினொரு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வெயிலுகந்தான் விரலை ஓட்டி வாசித்தார்.

"அண்ணே, எம் மக வடிவுக்கு மூணு வயசு. வாற வெள்ளிக்கெழமை காது குத்து. பத்தரைக்குள்ள தாய்மாமன் மடியில வச்சுக் குத்தணும். நீ வந்து சேரலைன்னா அவுக அத்தை மகன் மடியில உக்கார வச்சிருவேன்னு எம் மாமனாரு சொல்லிட்டாக. அதுக்கப்புறம் நமக்குள்ள எந்த உறவும் இல்லைன்னும் சொல்லிட்டாக. நான் வேற எதுவும் கேக்கல. மடி உன்னுதா இருக்கணும்."

தளவாய் தன் மடியைக் குனிந்து பார்த்தார். அதை ஒரு பொருட்டாக அவர் இதுவரை நினைத்ததில்லை. அன்று முதல் அதில் எதையும் வைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட.

பூரணத்துக்கு அண்ணனைத் தெரியும். ஆகையால் வழியை விவரமாக எழுதியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடல் காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நடக்க வேண்டும். மணல்மேடு வரும். மூன்றாவது மேட்டைத் தாண்டினால் நீலக் கதவு. "தட்ட வேண்டாம், எப்பவும் தொறந்தேதான் இருக்கும். நீ நேரா உள்ள வா." வெயில் கடுமையாக இருக்கும், குடை கொண்டுவரவும்.

குடை ஊரிலேயே சங்கிலியிடம் மட்டும்தான் இருந்தது. எனவே சங்கிலியும் புறப்பட்டான். கடிதம் வாசிக்க வெயிலுகந்தான். சீர்த்தட்டு சுமக்கத் தளவாயின் சம்சாரம் முப்பிடாதி. தளவாய் மடியைக் கொண்டுபோனார். கம்மல் இரண்டையும் வேட்டியில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தார்.

*

முத்துத்துறையில் எட்டு மணிக்கே வெயிலில் கண் கூசியது. உப்பளத்துக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக நின்றன. சங்கிலி தன் தலைத்துண்டை அவிழ்த்துக் குடைக்குப் போர்த்தினான். கொண்டுவரச் சொல்லியிருந்தார்களே தவிர, வெயிலில் காயப்போடச் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் நாலு பேரும் முகத்தை உயர்த்திக் காற்றுக்குக் காத்து நின்றார்கள். இலை அசையவில்லை. அப்போது வலது பக்கமிருந்து சில்லென்று அடித்தது.

அந்தப் பக்கம் நடந்தார்கள். ஒரு சர்பத் கடை வாசலில் நெட்டையாக நின்ற மின்விசிறி, கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றை வீசிக்கொண்டிருந்தது. அது இடது பக்கம் திரும்பியபோது நாலு பேரும் இடது பக்கம் போனார்கள். வலது பக்கம் திரும்பியபோது வலது பக்கம் வந்தார்கள். அரை மணி நேரம் இப்படியே கடலைத் தேடினார்கள்.

"என்ன அண்ணாச்சி, சர்பத்தா?" என்றார் கடைக்காரர்.

"கடலுக்குப் போறோம்."

"கடலு கெழக்கால."

"காத்து இங்கிட்டிருந்துல்லா வருது?" என்றார் வெயிலுகந்தான். கடிதத்தை நீட்டிக் காட்டினார்.

கடைக்காரர் கடிதத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், விசிறியை நிறுத்தினார்.

முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, கடல நிப்பாட்டிட்டாரு!"

"மணி ஒம்பதாகப் போகுதே" என்றார் தளவாய், அழாத குறையாக. "அண்ணாச்சி, கொஞ்சம் போட்டு விடுங்க. எம் மருமகளுக்குக் காது குத்து."

கடைக்காரர் நல்ல மனுஷர். விசிறியைப் போடவில்லை, தோளைப் பிடித்துத் திருப்பிக் கிழக்கே பார்க்க வைத்து, "இப்படியே நேரா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

*

மணல்மேடுகள் வந்தன. அடம்பங்கொடி ஊதா ஊதாவாய்ப் பூத்துக் கிடந்தது. காற்று மணலைக் கோடு கோடாய் எழுதி எழுதி அழித்தது. முதல் மேட்டில் ஏறி இறங்கியதும் வெயிலுகந்தான் நின்றுவிட்டார்.

"ஒண்ணாச்சு. ஆனா இது எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கே. பின்னாலயே நடந்து வந்து முன்னால நின்னுக்கிட்டா, ரெண்டாவதுன்னு நாம ஏமாந்துருவோம்."

"மேடு நடக்குமா?" என்றான் சங்கிலி.

"பாருவே. ஓரமெல்லாம் நகந்துக்கிட்டுத்தான இருக்கு."

குனிந்து பார்த்தார்கள். நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே முதல் மேடு எழுந்து வராதபடி அதன்மேல் சங்கிலியை உட்கார வைத்தார்கள். இரண்டாவது மேட்டில் வெயிலுகந்தான் உட்கார்ந்தார். "நான் இங்கருந்து கடுதாசியைச் சத்தமா வாசிக்கேன். நீங்க போய்க்கிட்டே கேளுங்க."

தளவாயும் முப்பிடாதியும் மூன்றாவது மேட்டின் உச்சிக்கு மூச்சு வாங்க ஏறினார்கள். ஏறியவர்கள் அப்படியே நின்றார்கள்.

எதிரே நீலம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கீழிருந்து வானத்தின் பாதிவரை, நேராக நிமிர்ந்து நின்றது.

"நீலக் கதவு!" என்று பின்னாலிருந்து வெயிலுகந்தானின் குரல் காற்றில் வந்தது.

முப்பிடாதியின் கண் கலங்கிவிட்டது. "ஏங்க, நம்ம பூரணம் இவ்வளவு பெரிய எடத்துலயா வாக்கப்பட்டிருக்கா? வருஷா வருஷம் இதுக்கு யாரு பெயிண்டு அடிப்பாக?"

கீழே இறங்கினார்கள். வாசல் நெடுக வெள்ளையாகக் கோலம் போட்டிருந்தது. போடப் போட அழிந்தது. அழிய அழிய மறுபடி யாரோ போட்டார்கள்.

"கோலம் போடுதவளுக்கு வேலை சுத்தமில்ல" என்றாள் முப்பிடாதி.

தளவாய் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு சின்ன அலை வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனது.

"பாத்தியா? வெளிய கெடந்தா நாய் தூக்கிரும்னு உள்ள எடுத்து வச்சிட்டாக. மரியாதை தெரிஞ்ச குடும்பம்."

"தட்ட வேண்டாம்!" என்றது இரண்டாவது மேடு. "எப்பவும் தொறந்தேதான் இருக்கும்! நேரா உள்ள வா!"

தளவாய் நேராக உள்ளே போனார். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. "பூரணம்! அண்ணன் வந்திருக்கேன்!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பதினொரு வருஷக் கோபம், லேசில் பேசிவிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். இடுப்புவரை போனதும், உள்ளே ஒரே ஈரமாக இருக்கிறது, சேலையைத் தூக்கிக்கொண்டு வா என்று சொல்வதற்காக முப்பிடாதியைப் பார்த்துத் திரும்பினார்.

கடல் அவரைப் பின்னாலிருந்து தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கரையில் கொண்டுவந்து உட்கார்த்தியது.

மூக்கிலும் காதிலும் மணல். கம்மல் முடிச்சு இடுப்பில் பத்திரம். ஆனால் அவர் யாருக்காகவோ காலியாக வைத்திருந்த மடியில் என்னவோ கனத்தது. குனிந்து பார்த்தார். ஒரு சங்கு. பாசி பிடித்து, நுனி உடைந்து, பழசாய்ப் போன சங்கு.

பாசியை வழித்துவிட்டுக் காதில் வைத்தார்.

ஊ...

"முப்பிடாதி. அதேதான்."

"நம்ம கெணத்துல போட்டதா?"

"அடிவழியா வந்திருக்கு. பதினொரு வருஷம் ஆகத்தான செய்யும்? காலா இருக்கு அதுக்கு?"

அதற்குள் மீன்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சந்தியாகம்மா என்று பேர். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் இருப்பவள். "யய்யா! சாகவா பாத்த? கடலுக்கு முதுகக் காட்டலாமா? எப்பவும் காட்டாத, யய்யா!"

"எப்பவுமா?" என்று தளவாய் கேட்டார்.

"எப்பவும்தான். ஈரத்தோட எங்க போறீக?"

நயினார் வீட்டுக்கு என்றார்கள். சந்தியாகம்மா கையை நீட்டினாள். மூன்றாவது மேட்டின் அடிவாரத்தில், அவர்கள் தாண்டி வந்த இடத்திலேயே, கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன ஓட்டு வீடு இருந்தது. கதவு நீலம். மாவிலை கட்டியிருந்தது. உள்ளேயிருந்து நாதஸ்வரச் சத்தம் வந்தது.

"பத்தரைக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு. ஓடுங்க."

ஓடினார்கள். கடலைப் பார்த்தபடி, பின்பக்கமாக. மேட்டிலிருந்து இறங்கி வந்த வெயிலுகந்தானும் சங்கிலியும் விஷயத்தைக் கேட்டுத் தாங்களும் திரும்பிக்கொண்டார்கள். எண்ணி வைத்த மேடுகளைப் போட்டுவிட்டு வந்ததில் வெயிலுகந்தானுக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

*

வீட்டுக்குள் பலகை போட்டாயிற்று. அத்தை மகன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆசாரி ஊசியைத் துடைத்தார். வடிவு அந்த ஊசியைப் பார்த்து, வீடே அதிரும்படி ஒரு அழுகையைத் தொடங்கியிருந்தாள். பூரணம் வாசலைப் பார்த்தே நின்றாள்.

வாசலில் ஒரு முதுகு நுழைந்தது. அதன் பின்னால் இன்னொரு முதுகு, தலையில் தட்டோடு. அப்புறம் இரண்டு முதுகுகள், அதில் ஒன்று துண்டு போர்த்திய குடையோடு.

நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். நயினார் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"யாருலே அது? எம் வீட்டு வாசல்ல வந்து எனக்கு முதுகக் காட்டுதது?"

"அண்ணன்" என்றாள் பூரணம். முதுகை வைத்தே தெரிந்துகொண்டாள். சட்டையின் வலது தோளில் இருந்த ஒட்டு, கல்யாணத்துக்கு முன்னால் அவளே தைத்தது.

"பதினொரு வருஷம் கழிச்சு வந்து முதுகக் காட்டுதானா! இவன் மடியிலயா எம் பேத்தி..."

"மாமா," என்றார் தளவாய், கடலைப் பார்த்தபடியே. "ஒங்களுக்குக் காட்டல. அங்க காட்டக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மூஞ்சியக் காட்ட எங்கிட்ட இருக்கது ஒண்ணுதான். கோவிச்சுக்காதீக. இந்தாங்க." கையைப் பின்னால் வளைத்து, தோளுக்கு மேலே எதையோ நீட்டினார். "ஒங்க சங்கு. வந்து சேந்துருச்சு."

நயினார் வாங்கிப் பார்த்தார். அது வலம்புரி இல்லை. எந்தப் புரியுமில்லை. காக்காய்கூடக் கொத்தாத ஊமைச் சங்கு.

"இதுவா எஞ்சங்கு?"

"சத்தத்தக் கேட்டுப் பாருங்க மாமா. உள்ள கடல் இருக்கு. அன்னிக்கே சொன்னேன்."

நயினார் சபையைப் பார்த்தார். இந்த மனுஷனின் மடத்தனத்தை நாலு பேர் முன்னால் ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தார். "சரி. எல்லாரும் பாத்துக்கோங்க" என்று சொல்லிச் சங்கைக் காதோடு வைத்து அழுத்தினார்.

சங்குக்குள் பல நாளாகக் குடியிருந்த ஒரு சின்ன நண்டுக்கு அந்த அழுத்தம் பிடிக்கவில்லை.

"ஐயோ!" என்று நயினார் போட்ட கூச்சலில் அத்தை மகன் பலகையை விட்டு எழுந்து ஓடிவந்தான். சங்கு காதில் தொங்கியது. நயினார் ஒரு காலில் குதித்தார், பிறகு மறு காலில் குதித்தார்.

வடிவின் அழுகை நின்றது. "தாத்தாவுக்குக் காது குத்தியாச்சு!" என்று கைதட்டிக் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

காலியாக இருந்த பலகையில் தளவாய் உட்கார்ந்தார். காது குத்தும்போது கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த அறையில் அன்று அதைச் சொல்லித்தர வேண்டியிராத ஒரே ஆள் அவர்தான். பூரணம் குழந்தையை எடுத்து அண்ணன் மடியில் வைத்தாள். ஆசாரி தொழில் தெரிந்தவர். குழந்தை தாத்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காதையும் குத்திக் கம்மலைப் போட்டுவிட்டார். மணி பத்து இருபத்தெட்டு.

நண்டை எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. எடுத்த பிறகு நயினார் காதைப் பிடித்துக்கொண்டு தளவாயின் முன்னால் வந்து நின்றார். மடியில் பேத்தி, காதில் கம்மல், இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நயினாரின் மீசை லேசாக ஆடியது. அப்புறம் தோள் ஆடியது. அப்புறம் அவரும் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

"உள்ள கடல் இருக்குதாம்ல!"

"கொஞ்சமாத்தான் இருந்திருக்கு மாமா," என்றார் தளவாய். "மிச்சம் எங்க கெணத்துல."

*

சாயங்காலம் வழியனுப்பும்போது பூரணம், "அண்ணே, அது தண்ணிக்குள்ள நிக்கும்போதுதான். இப்போ திரும்பிக்கோ" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"அந்த அம்மா எப்பவும்னு சொல்லிச்சு" என்றார் தளவாய்.

பஸ் மேற்கே போயிற்று. நாலு பேரும் சீட்டில் முழங்கால் போட்டுக்கொண்டு பின் கண்ணாடியைப் பார்த்தபடி ஊர் வந்து சேர்ந்தார்கள். கடல் எவ்வளவு தூரம்வரை பார்க்கும் என்பதைப் பற்றி ஆலமரத்தடியில் மூன்று நாள் பேச்சு நடந்தது. முடிவு தெரியவில்லை. கடலுக்கு முதுகு காட்டாமல் நடப்பதைச் சங்கிலி ஒரு மாசத்திலும் வெயிலுகந்தான் இரண்டு மாசத்திலும் விட்டுவிட்டார்கள். முப்பிடாதி அடுப்பு வேலையில் மறந்துபோனாள். தளவாய் மட்டும் விடவில்லை. மேற்கே இருந்த வயலுக்குப் போகும்போது பின்பக்கமாக நடந்தார். திரும்பி வரும்போது எல்லோரையும்போல வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை முத்துத்துறைக்குப் போய், நயினாரோடு வாசல் மணலில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துவிட்டு வந்தார்.

தளவாய் எழுபத்திரண்டாவது வயசில், ஒரு தை மாசத்துக் காலையில், கிழக்கே பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது இறந்துபோனார். பொட்டல்விளைச் சுடுகாடு ஊருக்கு மேற்கே இருக்கிறது. அவர் முகம் கடல் பக்கமே இருக்கும்படி உட்கார்த்தித் தூக்கியவர்கள் நாலு பேரும் கடைசிவரை பின்பக்கமாகவே நடந்தார்கள். வரப்பில் நின்று பார்த்த பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், தளவாய் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்று ஓடிப்போய் முப்பிடாதியிடம் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கிணற்றில் தண்ணீர் சேந்தி, உலை வைத்து, அவருக்கும் ஒரு பிடி அரிசி போட்டாள். உப்புப் போடவில்லை.